கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி: பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் பட்ட பாடு

மூன்று வருடமாக எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டி கிடந்தது. மகளின் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக நான் கைக்காசு போட்டு வாங்கிய பொருட்களின் பில்கள் அதில் இருந்தன. ஒருநாள் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். கடை மெஷினிலிருந்து வருகிற அந்த வழவழப்பான பில்லில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. நாள் ஆக ஆக எழுத்து மங்கி மறைந்துவிடும். இது முதல் வருடமே தெரிந்திருந்தால் வாங்கிய அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்திருப்பேன். தெரியாமல் செய்த தப்பு அது ஒன்றுதானா என்றால் இல்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதச் சம்பளமும், 700 மணி நேரத்துக்குக் குறையாத பொழுதும், ஒரு நல்ல சிநேகிதமும் மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு எப்போதும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. மற்ற அம்மாக்கள் வாசலில் ஆசிரியர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடிக்கொண்டிருப்பேன். சங்கத்தில் சேர்ந்தால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரியும், பிள்ளைக்கும் அம்மா வருகிறாள் என்று சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆண்டுப் பொதுக்குழு என்று அறிவிப்பு வந்தது. நானூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளி. கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். அதில் ஐந்து பேர் நிர்வாகிகள்.

என்னென்ன பேசப் போகிறோம் என்று கையில் ஒரு தாள்கூட இல்லை. கண்காட்சி பேனர் நீலத்தில் வைப்பதா பச்சையில் வைப்பதா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். கடைசியில் பொருளாளர் எழுந்து, "போன வருஷ பாக்கி இருக்கு, செலவு போகக் கொஞ்சம் மிச்சம் இருக்கு, எல்லாம் சரியா இருக்குங்க" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1957இல் இதைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் கற்பனையில் ஒரு குழு, அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, சைக்கிள் கொட்டகையைப் பற்றி 45 நிமிடம் சண்டை போடும். அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகையைப் பற்றிச் சொல்ல எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். எங்கள் ஊர் அணு உலை, பொருளாளரின் அந்த ஒரு வரி.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியவை மூன்று. சங்கத்துக்கு எழுதப்பட்ட விதிமுறை, அதாவது பைலா, இருக்கிறதா? ஒரு பிரதி கிடைக்குமா? போன கூட்டத்தின் குறிப்பு எங்கே? வரவு செலவு தாளில் இருக்கிறதா? இந்த மூன்றும் உடனே கைக்கு வந்தால் அது தாராளமாகச் சேரக்கூடிய சங்கம். "அதெல்லாம் இருக்குங்க, அப்புறம் தரோம்" என்றால் அங்கே உழைப்பைக் கொடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. "கண்காட்சியை யார் பார்த்துக்கறீங்க?" என்று தலைவி கேட்டபோது மண்டபமே தரையைப் பார்த்தது. என் கை தானாக மேலே போனது. "ரொம்ப சந்தோஷம் மேடம், உங்களை மாதிரி படிச்சவங்கதான் வேணும்" என்றார் தலைவி. அந்த ஒரு பாராட்டில் மூன்று வருடம் ஓடிவிட்டது.

கண்காட்சி என்றால் குழந்தைகள் செய்த கைவினைப் பொருட்கள், பழைய புத்தகங்கள், விளையாட்டு அரங்குகள். வரும் பணத்தில் நூலகத்துக்கு அலமாரி என்று திட்டம். மேசை வாடகை, ஒலிபெருக்கி வாடகை, பரிசுப் பொருட்கள், டோக்கன் அச்சடிப்பு எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். பொருளாளரைக் கேட்டால், "நீங்க வாங்கிடுங்க மேடம், பில்லைக் கொடுங்க, அடுத்த வாரம் தந்துடறேன்" என்றார். வாங்கினேன். அதன்பிறகு வேறொன்று, பிறகு இன்னொன்று. சிறு சிறு தொகைதான், கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம். வீட்டுக்காரர் ஒரு நாள், "நீ அங்கே வேலை பார்க்கிறியா, இல்ல அவங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறியா?" என்று கேட்டார். கோபம் வந்தது. கேள்வி சரியானதால்தான் அவ்வளவு கோபம் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த வாரம் தருகிறேன் என்ற பணத்தில் பாதி, ஏழு மாதம் கழித்து வந்தது. மீதிக்குப் போனபோது பொருளாளர் ஒரு பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல ஒண்ணுமே தெரியலையே மேடம்" என்றார். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. அவர் மேல் தப்பில்லை, தாள் மேல்தான் தப்பு. ஆனால் ஏழு மாதம் யார் தப்பு? சங்க வேலைக்குப் போகிறவர்கள் இதை ஒரு விரதம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: முன்பணம் கைக்கு வராமல் சங்கத்துக்காகப் பொருள் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால், இன்ன பொருளுக்கு இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று நிர்வாகி ஒருவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், ஒரு வரி மெசேஜ் போதும். வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டுச் சாமானையும் சங்கச் சாமானையும் ஒரே பில்லில் போடாதீர்கள். நான் அப்படி இரண்டு முறை செய்தேன். எது எந்தக் கணக்கு என்று எனக்கே குழப்பம்.

கண்காட்சி நாள் நன்றாகத்தான் நடந்தது. மழை வரவில்லை, கூட்டம் வந்தது, மகள் தன் வகுப்புக் கடையில் நின்று சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாலையில் ஒவ்வொரு கடையிலிருந்தும் பணத்தைப் பொருளாளர் ஒரு பையில் வாங்கிக்கொண்டார். எண்ணாமல் வாங்கினார். "வீட்டுக்குப் போய் எண்ணிட்டுச் சொல்றேன்." அவர் வீட்டில், அவர் மேசையில், அவர் ஒருவரே எண்ணியிருப்பார். எவ்வளவு வந்தது என்று நான் நான்கு முறை கேட்டேன். "நல்லா வந்திருக்கு" என்பதுதான் பதில். அலமாரி அந்த வருடம் வரவில்லை.

அவர் எடுத்துவிட்டார் என்று நான் அப்போது நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் செயலாளர் பதவிக்கு ஆள் இல்லை என்று என்னைப் போட்டார்கள். தேர்தல் என்று எதுவும் இல்லை, தலைவி என் பெயரைச் சொன்னார், எல்லோரும் சரி என்றார்கள். உள்ளே போனால் ஒழுங்குபடுத்திவிடலாம் என்ற நினைப்பு எனக்கு. பழைய செயலாளர் ஒரு நோட்டைக் கொடுத்தார். நான்கு வருடக் கூட்டங்களில் மூன்றுக்குத்தான் குறிப்பு இருந்தது. அவையும் கதை மாதிரி. யார் வந்தார், யார் கோபப்பட்டார், யார் யாரைப் பாராட்டினார் எல்லாம் இருந்தது. எவ்வளவு செலவுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்பது மட்டும் இல்லை. கூட்ட நடைமுறைக்கு உலகம் முழுக்கப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்லும் விதிகளை ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்டார். கூட்டக் குறிப்பில் வர வேண்டியது கூட்டம் என்ன செய்தது என்பதுதான், உறுப்பினர்கள் என்ன பேசினார்கள் என்பதல்ல என்பது அவர் வழி வந்த பழக்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் குறிப்புகள் ஒரு பக்கத்துக்குச் சுருங்கின. நாள், வந்தவர் எண்ணிக்கை, தீர்மானம், முன்மொழிந்தவர், முடிவு, தொகை. அவ்வளவுதான். ஒரு பக்கம் என்றால் ஜனங்கள் படிப்பார்கள்.

பைலா கிடைக்க மூன்று மாதம் ஆனது. தலைவியிடம் இல்லை, பொருளாளரிடம் இல்லை. கடைசியில் பள்ளி அலுவலகத்தின் ஒரு பழைய கோப்பில் கிடைத்தது. படித்தால் தலை சுற்றியது. தலைவர் பதவி தொடர்ந்து இரண்டு வருடம்தான் என்று இருக்கிறது. எங்கள் தலைவிக்கு அது ஆறாவது வருடம். கோரம், அதாவது கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்று இருக்கிறது, எங்களுக்கு வேண்டிய எண்ணிக்கை 40. நான் பார்த்த எந்தக் கூட்டத்துக்கும் 25 பேருக்கு மேல் வரவில்லை. ஆக, நாங்கள் போட்ட எந்தத் தீர்மானமும் தீர்மானமே இல்லை. என்னைச் செயலாளர் ஆக்கியது உட்பட! வங்கிக் கணக்கு இன்னும் வேடிக்கை. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது விதி. இரண்டாவது கையெழுத்துக்காரர், பிள்ளை படித்து முடித்துப் போய் இரண்டு வருடம் ஆன ஓர் அப்பா. போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு கையெழுத்து எதற்காகக் கேட்கிறார்களோ அதையே அர்த்தமில்லாமல் ஆக்குகிற காரியம் இது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "ஒவ்வொரு தடவையும் அவரைத் தேடிப் போக முடியுமா மேடம்?"

இந்த இடத்தில்தான் நான் பெரிய தப்பைச் செய்தேன். ஒரு நாள் இரவு 10:40 மணிக்கு, அலுவலகத்தில் மோசமான ஒரு நாளுக்குப் பிறகு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். கண்காட்சிப் பணம் என்ன ஆனது, ஆறு வருடமாக ஒரே தலைவர் ஏன், கணக்கை ஏன் காட்டுவதில்லை என்று கேள்வி மேல் கேள்வி. குழுவில் இருந்தவர்கள் 212 பேர். பார்த்தார்கள் என்று டிக் காட்டுகிறது. ஒருவர்கூடப் பேசவில்லை. மூன்று பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் காலையில் அதையும் எடுத்துவிட்டார். ஆனால் தனியே எனக்கு வந்த செய்திகள் 17. "நல்லா கேட்டீங்க அக்கா", "நாங்களும் இதையேதான் பேசிக்கிட்டிருந்தோம்." பேசிக்கொண்டிருந்தீர்களே, அங்கே ஒரு வரி எழுதினால் என்ன?

அந்த மௌனம் என்னை ரொம்பவே உடைத்தது. பிறகுதான் லடானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். ஓர் அறையில் ஆளை உட்கார வைத்துப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர் ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்திருந்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். கண் எரிந்தாலும், மற்றவர் சும்மா இருக்கிறாரே என்று உட்கார்ந்திருந்தார்கள். படித்ததும் அந்த 212 பேர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முதல் பொதுக்குழுவில் நானும் கை தட்டியவள்தானே. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: பெரிய கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்காதீர்கள். ஒவ்வொருவராக, பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் முன்பே உங்களோடு பேசுவதற்கு மூன்று பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 17 பேருக்கு நான் முதலில் போன் செய்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மறுநாள் என்ன ஆனது என்று சொல்லத்தான் வேண்டும். தலைவி என்னோடு பேசுவதை நிறுத்தினார். அவரும் நானும் ஒரு வருடமாக நல்ல பழக்கம். என் மகளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை பள்ளியில் கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அவரைத்தான் நான் 212 பேர் முன்னால் திருடி மாதிரி நிறுத்திவிட்டேன். திருடி என்று எழுதவில்லை, ஆனால் படித்தால் அப்படித்தான் இருக்கிறது. அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. விளையாடக் கூப்பிடுவது நின்றது. "அம்மா, நீ ஏன் அவங்க அம்மாவைத் திட்டினே?" என்று மகள் கேட்டாள். என்ன பதில் சொல்வது? வகுப்பாசிரியர் ஒரு நாள் மெதுவாக, "பார்த்து நடந்துக்கோங்க மேடம், பிள்ளை இங்கேதான் படிக்கணும்" என்றார். மிரட்டலா அக்கறையா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை. பள்ளியை மாற்றிவிடலாமா என்றுகூடப் பேசினோம்.

அப்புறம் ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பா போன் செய்தார். கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவர், வார்த்தையை அளந்து பேசும் மனிதர். "நீங்க கேட்ட கேள்வி சரி மேடம். கேட்ட இடமும் கேட்ட விதமும் தப்பு" என்றார். ஏன் எதற்கு என்று கேள்வி போட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும், இன்ன தாள் வேண்டும் என்று கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் மட்டும்தான் மிச்சம் என்றார். இருவருமாக ஒரு கடிதம் எழுதினோம். ஒரே பக்கம். யார் மீதும் ஒரு வார்த்தை கிடையாது. கடந்த 24 மாத வங்கி அறிக்கை, இரண்டு கண்காட்சிகளின் வரவு செலவு, தற்போது கையெழுத்திடும் உரிமை உள்ளவர்கள் பெயர். பைலாவில் உறுப்பினருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை தரும் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டோம். மூன்று வாரத்தில் கொடுங்கள் என்று தேதி போட்டோம். தலைமை ஆசிரியருக்கு ஒரு நகல். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து. என் இரவு நேர ஆவேசம் ஆறு மாதத்தில் சாதிக்காததை அந்த ஒரு பக்கம் 19 நாளில் சாதித்தது.

சங்கங்களுக்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சங்கம் தனியாகப் பதிவு செய்யப்பட்டதா, பள்ளியின் கீழ் ஒரு குழுவாக இயங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். யாரிடம் முறையிடலாம் என்பது அதைப் பொறுத்தது. ஆனால் உள்ளே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே போங்கள். பெரும்பாலான பைலாக்களில் இத்தனை உறுப்பினர் கையெழுத்திட்டால் சிறப்புப் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கும். எங்களுடையதில் 25 பேர். அது நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், படிக்காததால் தெரிவதில்லை.

வங்கி அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த அப்பாவும் நானும் மூன்று வாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்தோம். பொருளாளரும் கூடவே வந்து உட்கார்ந்தார். முதல் நாள் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அவரிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் பை நிறையத் துண்டுச் சீட்டுகள். கணக்குப் புத்தகமே இல்லை. வரவில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சீட்டு இல்லை. அது எங்கே போனது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. அழைப்பிதழ் அச்சடித்தது, பேருந்து வாடகைக்கு முன்பணம், ஒரு ஆசிரியர் கேட்ட ஓவியச் சாமான் என்று அவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு எழுதாமல் விட்டவையும் நிறைய. சங்கம் அவருக்குத் தர வேண்டுமா, அவர் சங்கத்துக்குத் தர வேண்டுமா என்று அவருக்கே தெரியாது. "என்னை எல்லாரும் திருடன்னு பேசறாங்க மேடம். என் பொண்ணு காதுல விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கே அவரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்றார். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை.

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில், கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களைப் பேட்டி கண்டு எழுதியதை அந்தத் தணிக்கைக்கார அப்பா சொன்னார். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருக்கும் ஆளுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி, யாருக்கும் தெரியாமல் எடுக்க ஒரு வாய்ப்பு, 'கடனாகத்தானே எடுக்கிறேன்' என்பது மாதிரி ஒரு சமாதானம், மூன்றும் சேர்ந்தால் கை நீளும் என்பது அவர் கண்டது. ஒருவர் வீட்டு நெருக்கடியோ மனசோ நம் கையில் இல்லை. வாய்ப்பை மட்டும்தான் நாம் அடைக்க முடியும். அதை அடைத்தால் திருடுபவரைத் தடுப்பது இருக்கட்டும், திருடாதவரையும் காப்பாற்றலாம். கண்காட்சி முடிந்த இடத்திலேயே இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, ஒரு தாளில் தொகையை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மனிதருக்கு இந்தக் கதி வந்திருக்காது. அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பள்ளியில் கணவனும் மனைவியுமாக எண்ணிக்கொண்டிருந்தார்களாம். எண்ணிய பணம் மறுநாளே வங்கிக்குப் போக வேண்டும். அதிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டு மீதியைக் கட்டக் கூடாது. முழு வரவும் முதலில் உள்ளே, அப்புறம்தான் செலவு வெளியே. மாதம் ஒரு முறை வங்கி அறிக்கையைக் காசோலையில் கையெழுத்துப் போடாத ஒருவர் பார்க்க வேண்டும். இவ்வளவுதான், இதற்குப் பட்டயக் கணக்காளர் தேவையில்லை.

சிறப்புப் பொதுக்குழுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். இந்த முறை குழுவில் எழுதாமல் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டோம். 61 பேர் வந்தார்கள். கோரம் இருக்கிறது என்று எண்ணி அறிவித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆறு வருடத்தில் முதல் முறை! கூட்டம் அமைதியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தலைவி, "நான் யாருக்கும் எதுவும் செய்யலைன்னா இத்தனை வருஷம் இதை யார் ஓட்டினது? நீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், மூன்றாம் வருடமே அவர் விலகப் பார்த்திருக்கிறார், யாரும் நிற்கவில்லை. பதவிக்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அடுத்து நிற்கப் போவது யார் என்பதற்கும் ஒரு பதிலோடு போவது நல்லது. அன்றைக்கே தேர்தல் வைத்தபோது தலைவர் பதவிக்குப் பெயர் வர 35 நிமிடம் ஆனது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

கணக்கில் வராத பத்துப் பங்கைப் பொதுக்குழு தள்ளுபடி செய்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் நிரூபிக்க ஒன்றும் இல்லாதபோது ஒரு மனிதரைத் துரத்திக்கொண்டே இருப்பதும் சரியில்லை. மூன்று வருடத்தில் சேர்ந்து எனக்கு வர வேண்டியிருந்த ஒன்றரை மாதச் சம்பளத்தில், எழுத்துத் தெரிகிற பில்களுக்கான அரை மாதம் வந்தது. மற்றதை நான் கேட்கவில்லை, கேட்டாலும் புதிய விதிப்படி தர முடியாது. அந்த விதியை எழுதியவளே நான்தான். அலமாரி நான்காம் வருடம் வந்தது, மகள் அப்போது நான்காம் வகுப்பு. தலைவியும் நானும் இப்போது பார்த்தால் தலையசைத்துக்கொள்கிறோம். குழந்தைகள் எப்போதோ சேர்ந்துவிட்டார்கள். எங்களால்தான் முடியவில்லை.

போன வாரம் புதிய பொருளாளர் கூப்பிட்டார். இந்த வருடக் கண்காட்சியில் பணம் எண்ண இரண்டாவது ஆள் வேண்டுமாம். வருகிறேன் என்றேன். பரிசுப் பொருட்களையும் நீங்களே வாங்கிவிடுங்கள் என்றார். முன்பணம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.